புங்கமரத்தடியில் புல்தரை: காட்பாடியில் நான்கு ஆண்டு அனுபவம்

காட்பாடியில் எங்கள் வீட்டு முன்பக்கம் நிற்கும் புங்கமரம் நாங்கள் குடிவருவதற்கு முன்பே நன்றாகப் படர்ந்திருந்தது. அதைச் சுற்றிப் புல் போட்டது 2021இல். நான்கு கோடைகள் கழிந்துவிட்டதால் அதன் நிறைகுறைகளை இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் போட்டது கொரியன் புல். நிழலிலும் வரும் என்று நர்சரியில் சொன்னார்கள். வெயில் படும் ஓரத்தில் அது மெத்தைபோலப் படர்ந்தது உண்மைதான். மரத்தடியிலோ ஆறே மாதத்தில் நூல்நூலாக நீண்டு வெளிறிப்போய், பாசி பிடித்த வெறும் மண்தான் மிஞ்சியது.

அதைவிடப் பெரிய தவறு, முண்டும் முடிச்சுமாக மேலே தெரிந்த வேர்களை மறைப்பதற்காக 9 அங்குல உயரத்துக்குச் செம்மண் கொட்டியதும், இடைஞ்சலாக இருந்த இரண்டு வேர்களைக் கடப்பாரையால் வெட்டவிட்டதும். மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. அவற்றுக்குக் காற்று வேண்டும் என்பது, மறு கோடையில் உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கிய பிறகே எங்களுக்கு உறைத்தது. வெட்டுப்பட்ட வேர்களிலிருந்து புங்கந்தளிர்கள் புல்லைக் கிழித்துக்கொண்டு வரிசையாகக் கிளம்பின; இன்றும் மாதம் ஒருமுறை அவற்றைக் கிள்ளி எறிந்துகொண்டிருக்கிறேன்.

கொட்டிய மண்ணை, மண்வெட்டி படாமல் களைக்கொத்தியால் சுரண்டி அள்ள நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அடிமரத்தைச் சுற்றி 3 அடிக்குப் புல்லே வேண்டாம் என்று விட்டு, பட்டையைத் தொடாமல் சருகை மட்டும் பரப்பினோம். அதற்கு வெளியே, ஆவணி மழையில் பஃபலோ புல்லின் தண்டுகளைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, வேர்களுக்கு இடையே குச்சியால் துளையிட்டு நட்டேன். மேலே அரை அங்குலத்துக்கு மட்டும் மணலும் மண்புழு உரமும். இதன் இலை அகலம், வெறுங்காலுக்குச் சற்று முரடு. அழகில் கொரியன் புல்லுக்கு ஈடாகாது. ஆனால் நிழலைத் தாங்குகிறது. தாழ்ந்த கிளைகள் இரண்டைக் கழித்துக் கொஞ்சம் வெளிச்சம் விட்ட பிறகு இன்னும் அடர்ந்தது.

புல்வெட்டும் இயந்திரத்தின் அலகு வேரில் இடிப்பதால், கத்தரியால் 3 அங்குலம் விட்டு வெட்டுகிறேன். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திரத்திலும் தினமும் தெளிப்பதில்லை. வாரம் இருமுறை, மண் ஆழமாக ஊறும்வரை விடுகிறேன். சிரமமெல்லாம் பங்குனி, சித்திரையில்தான். முதலில் சருகு, பின்னாலேயே பூ. உதிர்ந்த பூ பார்க்க அழகுதான் என்று மூன்று நாள் விட்டுவைத்த ஆண்டில், தண்ணீர் பட்டு அது அப்பளம்போல ஒட்டிக்கொள்ள, அடியில் புல் மஞ்சளாகிவிட்டது.

மேற்கே இரண்டு பெரிய வேர்கள் கவையாகப் பிரியும் இடத்தில் இன்றுவரை ஒன்றும் பிடிக்கவில்லை. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டோம்.