அடுக்குமாடியா, சிற்றுந்தா: எங்கள் ஊர் கொமுட்டர் நிலையத்துக்கு எது தேவை?

மலேசியாவில் ரவாங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையில் இருக்கும் தோட்டத்து ஊர் எங்களுடையது. கொமுட்டர் எனும் புறநகர் மின்ரயில் நிற்கும் எங்கள் நிலையத்தை மேம்படுத்தும் பேச்சு எழுந்தாலே சாப்பாட்டுக் கடையில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. நிலைய நிலத்தில் அடுக்குமாடி வீடுகள், கடைகள், பல மாடிக் கார் நிறுத்துமிடம் வேண்டும் என்பது ஒன்று. இருப்பதைப் பழுதுபார்த்து, தாமான்கள் எனும் குடியிருப்புகளுக்குச் சிற்றுந்து (மினி பஸ்) விட்டால் போதும் என்பது மற்றொன்று.

முதல் கட்சி சுங்கை பூலோவைக் காட்டுகிறது. கொமுட்டர், இடிஎஸ் என்ற நெடுந்தூர மின்ரயில், 2016 டிசம்பரில் தொடங்கிய எம்ஆர்டி என்ற நகர மெட்ரோ ரயில் என எல்லாம் அங்கே ஓரிடத்தில் கிடைக்கின்றன. உண்மைதான். ஆனால் அங்கே ஆட்களை இழுப்பது கட்டடமல்ல, அடுத்தடுத்து வரும் ரயில்கள். எங்கள் தடத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் நாளிதழை விளம்பரம் உட்பட வாசித்து முடித்துவிடலாம். அதற்குப் பல மாடிக் கார் நிறுத்துமிடம் என்ன செய்யும்? தவிர, தோட்டம் விற்கப்பட்டு மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களில் பலரிடம் காரே இல்லை.

2009-இல் தஞ்சோங் மாலிம் வரை கொமுட்டர் நீண்டபோது மகிழ்ந்தோம். இரட்டைத் தண்டவாளத்தோடு வேலியும் வந்தது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. முன்பு தண்டவாளத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போன பாட்டிமார் இப்போது மேம்பாலம் ஏற வேண்டும். மின்தூக்கிக் கதவில் 'ரோசாக்' (மலாயில் 'பழுது') என்ற அட்டை தொங்குகிறது. வெயிலில் எழுத்தே வெளுத்துவிட்டது. காய்கறிப் பையைப் படிக்குப் படி வைத்து எடுத்து ஏறுகிறவர்களிடம் கடை வளாகம் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நல்ல தமிழில் பதில் கிடைக்கும்.

  

முதல் யோசனையில் ஒன்றை மட்டும் ஒதுக்க மனமில்லை. கடைகள் இருந்தால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். இரவு வேலை முடித்து இறங்கும் பெண்களுக்கு அது பெரிய துணை. அதற்கு அடுக்குமாடி வேண்டியதில்லை. நான்கு ஒட்டுக்கடைகளும் எரிகிற விளக்குகளும் போதும்.

என் ஓட்டு சிற்றுந்துக்குத்தான். மின்தூக்கியை முதலில் ஓடவிட வேண்டும். பிறகு, சிற்றுந்தின் நேரத்தை ரயில் நேரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கடைசி ரயிலில் இறங்குகிறவர்களுக்காகவும் ஒன்று காத்திருக்க வேண்டும். எட்டு மணியோடு ஓட்டத்தை நிறுத்திக்கொள்வதானால் அந்தச் சிற்றுந்தும் வேண்டாம்.