கோடரி முனையில் இரண்டாகும் குண்டு: கருமருந்துத் துப்பாக்கி வேடிக்கைப் போட்டிகள் பார்க்கத் தகுந்தவையா?

அமெரிக்காவின் ஒஹையோ, இந்தியானா மாநிலங்களில் கருமருந்து என்ற பழைய வகை வெடிமருந்தால் சுடும் துப்பாக்கிகளுக்கான சங்கங்கள் நடத்தும் கூட்டங்களில், வட்டம் போட்ட காகித இலக்கைச் சுடும் முறையான போட்டிகளுடன் சில வேடிக்கைப் போட்டிகளும் இடம்பெறும். தெற்கு ஒஹையோவில் ஒரு கிராமத்துச் சங்கம் நடத்திய வேடிக்கைப் போட்டிகளைப் பார்வையாளனாக நின்று கண்டவன் என்ற முறையில், இதற்குக் குடும்பத்தோடு போகலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகலாம் என்பதே என் பதில். ஆனால் எல்லா ஆட்டங்களும் ஒரே தரத்தில் இல்லை.

இந்தத் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. அளவுகுழலில் அளந்த கருமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து வைத்து, நீண்ட கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் இந்த இனம்தான் என்றாலும், இங்கே குழலின் உட்புறத்தில் சுழல்வரி வெட்டியிருப்பதால் குண்டு நேராகப் போகிறது. ஒரு முறை சுடுவதற்கு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஆகிறது. அதனால் ஒவ்வொரு சூடும் தனி நிகழ்ச்சியாகிவிடுகிறது. கூட்டம் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறது.

இருப்பதிலேயே சிறந்தது கோடரிப் போட்டி. ஒரு மரக்கட்டையில் கோடரியின் கூர்முனை சுடுபவரை நோக்கியிருக்கும்படி பதித்து, அதன் இருபுறமும் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். கலப்பில்லாத ஈயம் மென்மையானது. 11 கிராமுக்குச் சற்று மேலான குண்டு முனையில் பட்டதும் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டை உடைக்கிறது. ஒரு தட்டு மட்டும் உடைந்தால் வெற்றியில்லை. இந்த விதியின் அழகு என்னவென்றால், முனையில் படாத முழுக் குண்டால் இரண்டு தட்டையும் உடைக்கவே முடியாது. ஆகவே நடுவரிடம் வாதாட எதுவும் இல்லை. போட்டி முடிந்தபின் அருகே போய்ப் பார்த்தேன்: கோடரியின் முனை மழுங்கவில்லை, அதன் இருபக்கமும் வெள்ளிப் பூச்சுப் போல ஈயம் படிந்திருந்தது, கட்டையின் மேல்பகுதிதான் சிராய் சிராயாகப் பெயர்ந்து கிடந்தது. குறி தவறியவர்கள் பலர் என்பதற்கு அந்தக் கட்டையே சாட்சி.

சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை விளிம்பு தெரியும்படி நிற்க வைத்து இரண்டாக வெட்டும் போட்டி பார்ப்பதற்கு மாயவித்தையாகத் தெரியும். உண்மையில் சுடுபவருக்குக் குண்டே உதவி செய்கிறது: ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு, விளிம்புக்கு வலப்புறமோ இடப்புறமோ 6 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் சீட்டை அறுத்துவிடும். சிக்கல் வேறு, அந்த விளிம்பு 25 கஜத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. வெட்டுப்பட்ட சீட்டின் இரு பாதிகளையும் வென்றவரிடமே கொடுத்துவிடுகிறார்கள். காகித இலக்கில் வாங்கிய மதிப்பெண்ணைவிட அதையே எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

மெழுகுவத்திச் சுடரை அணைக்கும் போட்டிக்கு நீண்ட மரபு உண்டு. பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஜான் ஜேம்ஸ் ஆடுபான், கென்டக்கி வேட்டைக்காரர்கள் 50 கஜத் தொலைவுக்குள் இரவில் மெழுகுவத்தியைக் குறிபார்த்துச் சுட்டதை 1831-இல் அச்சான குறிப்பில் விவரித்திருக்கிறார். அவர்களுடைய விதி இன்றையதைவிடக் கடுமை: சுடர் அணையாமல் திரியின் நுனி மட்டும் கத்தரிக்கப்பட வேண்டும். தேர்ந்த ஒருவர் ஏழில் மூன்று முறை அதைச் செய்தாராம்; மற்றச் சூடுகள் சுடரை அணைத்தன, அல்லது வத்தியையே வெட்டின. நான் கண்ட போட்டியில் மெழுகில் படாமல் சுடரை அணைத்தாலே போதும். அதையும் பட்டப்பகலில் வைத்ததால் சுடர் இருக்கிறதா இல்லையா என்று பார்வையாளர்களுக்கு விளங்கவில்லை. இருட்டும்வரை காத்திருந்து நடத்தியிருக்க வேண்டும்.

சீட்டுகளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, சுட்ட ஐந்தைக் கொண்டு போக்கர் என்ற சீட்டாட்டத்தின் கை சேர்க்கும் ஆட்டத்தை நீங்கள் தவறவிட்டால் நட்டமில்லை. அது முழுக்க அதிர்ஷ்டம். ஆணி அடிப்பதைப் போலக் குறிபார்ப்பவரும் கத்துக்குட்டியும் அங்கே சமம். பலகையில் என்ன விழுந்தது என்பதும் அறிவிப்பாளர் சொன்னால்தான் தெரியும். சிறுவர்களுக்கு முட்டையும் வட்ட மிட்டாய் வில்லைகளும் இலக்காக வைத்த பகுதி அதைவிட எவ்வளவோ மேல்.

பரிசு பெரும்பாலும் இறைச்சிதான். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு மாட்டையே பந்தயமாக வைத்துச் சுடுவார்கள். பின்தொடைகள் இரண்டு, முன்தொடைகள் இரண்டு, ஐந்தாவது பங்காகத் தோலும் கொழுப்பும். சில இடங்களில் இலக்குக்குப் பின்னாலிருந்த மரத்தில் புதைந்த ஈயமும் ஆறாவது பரிசாகியிருக்கிறது. எல்லைப்புறத்தில் ஈயம் அவ்வளவு அரிய பொருள். இன்று பன்றித் தொடையும் உறையவைத்த வான்கோழியும் தருகிறார்கள். சைவர்கள் கவலைப்பட வேண்டாம், வெல்வது எளிதல்ல.

பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. களப் பொறுப்பாளர் அனுமதி தந்து, சுடும் வரிசைக்கு வந்த பிறகே மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடியான கேப்பைப் பொருத்தவோ, சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கியின் கிண்ணத்தில் மருந்து இடவோ விடுகிறார்கள். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் மருந்து கொட்டக் கூடாது என்பதிலும் கண்டிப்பு உண்டு. குறையெல்லாம் ஏற்பாட்டில்தான்: நிகழ்ச்சி நிரல் பலகையில் எழுதிய நேரத்துக்கும் நடந்த நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை, வெயிலுக்கு ஒதுங்கப் பார்வையாளர்களுக்குப் பந்தலும் கிடையாது.

போகிறவர்கள் காதடைப்பானும் கண்ணாடியும் தவறாமல் கொண்டு போங்கள். கந்தகப் புகை அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்பதால் மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் காற்று வரும் திசையில் உட்காருவது நல்லது. இதையே பெரிய அளவில் பார்க்க விரும்பினால், 1933-இல் தொடங்கிய தேசிய வாய்வழி நிரப்பும் துப்பாக்கிச் சங்கத்தின் கூட்டங்கள் இந்தியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் ஜூனிலும் செப்டம்பரிலும் நடக்கின்றன. முதன்முறை போகிறவர்களுக்கு நான் சிறிய சங்கத்தையே பரிந்துரைப்பேன். அங்கே தடுப்புக் கயிற்றருகில் நின்றாலே கோடரிக்கு இருபுறமும் தட்டுகள் உடைவதைத் தெளிவாகப் பார்க்கலாம். சுட்டவர் திரும்பி வந்ததும் கேள்வி கேட்டால் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டியே பதில் சொல்கிறார்.