திரும்பத் திரும்ப வர்ற வெள்ளைப்படுதல்: மருந்து பெண்ணுக்கு மட்டுமா, ரெண்டு பேருக்குமா?

மாத்திரை போட்டா ஒரு வாரத்துல சரியாயிடுது, ரெண்டு மாசம் கழிச்சு அதே கவுச்சி வாடை, அதே நீர் மாதிரி வெள்ளைப்படுதல், மறுபடியும் டாக்டர், மறுபடியும் அதே சீட்டு. இப்படி நாலஞ்சு ரவுண்டு போனவங்க கேக்குற கேள்விதான் இது, வீட்டுக்காரருக்கும் சேர்த்து மருந்து குடுத்தா நிக்குமா?

பதில் எந்த இன்ஃபெக்‌ஷன்ங்கறத பொறுத்துதான் இருக்கு. எல்லாத்தையும் வெள்ளைப்படுதல்னு ஒரே பேர்ல சொல்லிடுறோம், அங்கதான் பாதி குழப்பம். ட்ரைக்கோமோனஸ்னா விவாதமே இல்ல, அது உடலுறவுல பரவுற ஒட்டுண்ணி, வீட்டுக்காரருக்கு ஒன்னும் தெரியலன்னாலும் ரெண்டு பேரும் மருந்து சாப்பிட்டே ஆகணும், பெண்ணுக்கு 3 மாசத்துக்குள்ள மறுபடி டெஸ்டும் எடுக்கணும். (இது மாசக்கணக்குல, சில சமயம் அதுக்கு மேலயும் சத்தமில்லாம உடம்புல இருக்கும். அதனால ரிப்போர்ட்ட பாத்த உடனே "யார்கிட்ட போன"ன்னு சண்டைய ஆரம்பிக்காதீங்க.) ஈஸ்ட், அதாவது கெட்டித்தயிர் மாதிரி வந்து பிச்சு எடுக்குற அரிப்புன்னா நேர் எதிர். வீட்டுக்காரருக்கு மருந்து பொதுவா தேவையில்ல, அவருக்கு ஆணுறுப்பு முனையில சிவந்து அரிச்சா மட்டும் க்ரீம் போதும். அடிக்கடி வந்தா சுகர் டெஸ்ட் பாக்கறது புருஷன பாக்கறத விட உபயோகம்.

ஒருத்தருக்கா ரெண்டு பேருக்காங்கற நிஜமான போட்டி பாக்டீரியல் வஜைனோசிஸ்லதான், சுருக்கமா பிவி. பிறப்புறுப்புக்குள்ள இருக்கற லாக்டோபேசிலஸ்ங்கற நல்ல பாக்டீரியா குறைஞ்சு, கார்ட்னரெல்லா மாதிரி வேற பாக்டீரியாங்க கூட்டமா குடியேறிடுறது.

பெண்ணுக்கு மட்டும் மருந்து குடுக்கறதுதான் காலங்காலமா நடக்கறது. மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை 500 மில்லிகிராம் காலை மாலை 7 நாள், இல்லன்னா உள்ள வைக்கிற ஜெல், க்ரீம். அந்த நேரத்துக்கு நல்லாவே கேக்கும், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள பாதிப் பேருக்கு மேல திரும்ப வருது. நல்லது என்னன்னா யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல, முதல் தடவை வர்றவங்களுக்கு இதுவே போதும்.

அடுத்து, வீட்டுக்காரருக்கும் மாத்திரை. கேக்க நியாயமா இருக்கு, பழைய ஆராய்ச்சிகள்ல இதத்தான் பண்ணி பாத்தாங்க, பெருசா பலன் இல்ல. அதனாலதான் ரொம்ப வருஷமா "பார்ட்னருக்கு வேண்டாம்"னு கைட்லைன்ல எழுதி வச்சிருந்தாங்க, இன்னைக்கும் சில டாக்டருங்க அதையே சொல்றாங்க, அவங்க மேல கோவப்பட முடியாது, படிச்சது அப்படி. ஆனா இந்த பாக்டீரியா சிறுநீர்க்குழாய்க்குள்ள மட்டும் இல்ல, ஆணுறுப்போட தோல்லயும், முக்கியமா முன்தோலுக்கு அடியிலயும் இருக்கு. மாத்திரை மட்டும் போட்டா தோல்மேல இருக்கறது முழுசா போகாதுன்னு இப்ப நினைக்கிறாங்க.

அங்கதான் மூணாவது வழி வருது, மாத்திரையும் க்ரீமும் சேர்த்து. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் ஆளுங்க நடத்தின ஆராய்ச்சி 2025 மார்ச்சுல வெளிவந்துச்சு, 164 ஜோடி. ஆம்பளைக்கு மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் ரெண்டு வேளை, கூடவே 2 சதவீத கிளிண்டமைசின்ங்கற ஆன்டிபயாடிக் க்ரீம ஆணுறுப்பு தோல்மேல ரெண்டு வேளை, 7 நாள், அதே சமயத்துல பெண்ணுக்கு வழக்கமான மருந்து. 12 வாரத்துல பாத்தா பெண்ணுக்கு மட்டும் குடுத்த பக்கம் 63 சதவீதம் பேருக்கு திரும்ப வந்திருக்கு, ரெண்டு பேருக்கும் குடுத்த பக்கம் 35. வித்தியாசம் அவ்ளோ தெளிவா இருந்ததால ஆராய்ச்சிய பாதியிலயே நிறுத்திட்டாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு இத பரிந்துரைச்சாங்க.

என் ஓட்டும் இதுக்குத்தான், ஆனா கண்ண மூடிக்கிட்டு இல்ல. 35ங்கறதும் மூணுல ஒருத்தருக்கு மேல, அது சின்ன நம்பர் கிடையாது. அந்த ஆராய்ச்சியில இருந்தவங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர்னு இருந்த ஜோடிங்க, ஆம்பளைங்கள்ல பெரும்பாலானவங்க சுன்னத் பண்ணாதவங்க. வெளி உறவு இருக்கற இடத்துல இதே பலன எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்காரருக்கு கொஞ்சம் குமட்டல், தலைவலி, வாய்ல இரும்பு நக்கின மாதிரி ருசி வரலாம்.

ஆள் ஒத்துழைக்க மாட்டேங்கிறாரா, இல்ல நிலையான துணையே இல்லையா, அப்போ மெட்ரோனிடசோல் ஜெல்ல வாரம் ரெண்டு தடவை 4-6 மாசம் வைக்கிற வழி இருக்கு. வைக்கிற வரைக்கும் அடங்கி இருக்கும், நிறுத்தினா நிறைய பேருக்கு திரும்பிடும், நடுவுல ஈஸ்ட் வந்து வேற இம்சை. மத்தபடி உள்ள கழுவுற வாஷ் எல்லாம் போட்டியிலயே சேர்க்கல, அது இருக்கற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடிச்சுட்டு போயிடும்.

டாக்டர்கிட்ட போனா "இது பிவின்னு டெஸ்ட் பண்ணி பாத்தீங்களா, அவருக்கு க்ரீமும் சேர்த்து குடுப்பீங்களா"ன்னு நேரா கேளுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து போனா இன்னும் நல்லது. கடையில நீங்களே வாங்கி ஆரம்பிக்காதீங்க, கர்ப்பமா இருந்தா டாக்டர கேக்காம கண்டிப்பா வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆரம்பிக்கணும், அந்த 7 நாளும் உறவு வேண்டாம், காண்டம் இருக்கேன்னும் நினைக்காதீங்க, கிளிண்டமைசின் க்ரீம் காண்டம் ரப்பர வீக் ஆக்கிடும். அப்புறம் அவர் மூணாம் நாள் "எனக்குத்தான் ஒன்னும் இல்லையே"ன்னு க்ரீம மூடி வச்சிடுவாரு, அத மட்டும் பாத்துக்கோங்க.