கேன் எஃப்டியா, ஈதர்நெட்டா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் வர்க்‌ஷாப்களுக்கு வரும் புதுக் கார்கள் சிலவற்றில், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு இந்த இரண்டு வயர் இணைப்பு முறைகளுமே இருக்கும். முதலில் வந்த கேனை 1986-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. வேகம் நொடிக்கு 1 மெகாபிட் வரை. 2012-ல் வந்த அதன் புது வடிவமான கேன் எஃப்டி ஒரு செய்தியில் 8 பைட்டுக்குப் பதில் 64 பைட் ஏற்றும், 5 மெகாபிட் வரை சாதாரணமாகப் போகும். கார் ஈதர்நெட்டோ ஒரே முறுக்கு ஜோடி வயரில் 100 மெகாபிட், அடுத்த வகையில் 1000.

கேமராப் படத்துக்கு ஈதர்நெட்தான், பேச்சே இல்லை. பிரேக், இன்ஜின், கதவுப் பூட்டுக்கு என் ஓட்டு கேன் எஃப்டிக்கு. எல்லாப் பெட்டிகளும் ஒரே ஜோடி வயரில் தொங்கும். இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் கிளம்பினால் அடையாள எண் சிறியதாக உள்ள செய்தி தடையில்லாமல் போகும். மற்றது காத்திருந்து போகும், அழியாது. ஈதர்நெட்டுக்கு நடுவில் செய்திகளைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் என்ற கருவி வேண்டும், செலவும் கூடும்.

அப்புறம் நம்ம ஊர் உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் ஓடும் வண்டிகளில் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கேன் என்றால் பேட்டரியைக் கழற்றி, ஓபிடி சாக்கெட்டின் (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) 6, 14 பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். எல்லாம் சரியென்றால் பல கார்களில் 60 ஓம் காட்டும். 120 என்றால் ஜோடி வயரின் இரு முனையிலும் உள்ள ரெசிஸ்டர்களில் ஒன்றோ அதற்குப் போகும் வயரோ அறுந்திருக்கிறது. ஈதர்நெட்டில் சிக்னல் தரம் குறைந்தால் மல்டிமீட்டருக்குத் தெரியாது, தனிக் கருவி வேண்டும். வயரை ஒட்டும்போது முறுக்கை நீளமாகப் பிரித்துவிட்டாலே இணைப்பு தடுமாறும்.