குழுவில் கேட்கலாம், எண்ணைக் கொடுக்காமல்: வாட்ஸ்ஆப்பா, முகநூலா, டெலிகிராமா?

அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று ஆனபிறகு எனக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. பட்டர்வொர்த் பக்கம் எந்த மையத்தில் இடம் இருக்கிறது, இல்லாவிட்டால் வாரம் 3 நாள் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போய்வருவது கட்டுப்படியாகுமா, பெர்கெசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவி கேட்க யாருக்குத் தகுதி, இப்படி. இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி முகப்பைவிட வேகமாகப் பதில் கிடைப்பது குழுக்களில்தான், அதுவும் முன்பின் தெரியாத சில நூறு பேர் இருக்கிற குழுக்களில். இப்போது நான் கேட்பதும் மற்றவர்களுக்குப் பதில் சொல்வதும் டெலிகிராமில், எண்ணை மறைத்துக்கொண்டு, ஒரு புனைபெயரில். வாட்ஸ்ஆப்பையும் முகநூலின் பெயர் காட்டாத பதிவையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன், ஆகவே இந்த அலசல் டெலிகிராம் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் எல்லாரும் சொல்கிற ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, டெலிகிராம் குழுவில் அப்படி இல்லை, எனவே வாட்ஸ்ஆப்தான் பத்திரம் என்பார்கள். சொல்வது உண்மைதான், குடும்பக் குழுவுக்கு அது முக்கியம்கூட. ஆனால் 600 பேர் படிக்கிற குழுவில், அதில் யார் யாரென்றே தெரியாத நிலையில், வழியில் எவனும் படிக்க முடியாது என்பதால் என்ன ஆகப்போகிறது? கோயில் மைக்கில் பேசிவிட்டு மண்டபக் கதவைச் சாத்துகிற கதை. படிக்கப்போகிறவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயம் ஒன்றே ஒன்று: கைப்பேசி எண். மற்ற நாடுகளில் எப்படியோ, மலேசியாவில் எண் தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரி. கைப்பேசி எண்ணை வைத்தே வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் டுயிட்நவ் வந்தபிறகு இது இன்னும் சுலபம். வங்கிச் செயலியைத் திறந்து, டுயிட்நவ் மாற்றலில் கைப்பேசி எண் என்பதைத் தேர்ந்து, குழுவில் தெரிகிற ஏதாவது ஒரு எண்ணை அடித்து, 1 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டுப் பாருங்கள். அந்த எண் டுயிட்நவ்வில் பதிவாகி இருந்தால், பணம் போவதற்கு முன்பே பெறுபவர் பெயர் திரையில் வந்துவிடும். அப்படியே பின்னால் வந்துவிடலாம், ஒரு சென் செலவில்லை, அந்தப் பக்கம் இருப்பவருக்கு எதுவும் தெரியவும் தெரியாது. சில செயலிகள் பெயரில் பாதியை மறைக்கலாம், நான் பார்த்த செயலியில் முழுப்பெயர் வந்தது. முழுப்பெயர் என்றால் நமக்கு என்ன அர்த்தம்? ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருக்கிறபடி, இன்னார் ஏ/எல் (மகன்) இன்னார். அதாவது என் பெயரோடு அப்பா பெயரும். 'என் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது' என்று குழுவில் ஒரு வரி எழுதினால், எந்த அப்பா என்பது வரைக்கும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான்.

நம் எண்கள் எல்லாம் எப்போதோ வெளியே போய்விட்டனவே, இனி மறைத்து என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2017 அக்டோபரில் லோயாட்.நெட் என்ற மலேசியத் தொழில்நுட்பத் தளம் வெளியே கொண்டுவந்த கசிவில் மலேசியக் கைப்பேசி எண்கள் 4 கோடியே 62 லட்சம் இருந்தன, அவற்றோடு ஐசி எண், முகவரி எல்லாம். நாட்டின் ஜனத்தொகையைவிட அதிகம், எனவே நம் எண்ணும் அதில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியலில் நான் வெறும் ஒரு வரி. குழுவில் என் எண்ணுக்குப் பக்கத்தில் நான் எழுதியதும் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். நோய், கடன், வேலையிடத்துப் பிரச்சினை, பிள்ளையின் பள்ளி என்று நாம் வாய்திறந்து சொன்னதோடு எண் சேரும்போதுதான் அது விற்பவனுக்கும் ஏமாற்றுகிறவனுக்கும் பயன்படுகிறது. வாட்ஸ்ஆப் குழுவில் அப்பாவைப் பற்றி எழுதிய மறுநாளே நேரடி விற்பனைக்காரர் ஒருவர் அழைத்து, எடுத்த எடுப்பிலேயே "அண்ணே, அப்பாவுக்கு இப்ப கிரியேட்டினின் எவ்வளவு?" என்றார், சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கிற அளவு அது. எண் மட்டும் கையில் இருந்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க முடியாது.

இந்தக் கணக்கில் வாட்ஸ்ஆப் அங்கேயே தோற்றுவிடுகிறது. சாதாரணக் குழுவில் சேர்ந்த நிமிடமே எல்லாருக்கும் எண் தெரியும், பேசாமல் இருந்தாலும் தெரியும். பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கிற கம்யூனிட்டி என்ற ஏற்பாட்டில் அறிவிப்புப் பகுதியில் மட்டும் எண்ணை மற்ற உறுப்பினருக்குக் காட்டாது, ஆனால் பேச்சு நடக்கிற உள்குழுவில் சேர்ந்தால் பழைய கதைதான். எழுதியதை எல்லாருக்கும் அழிக்க ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல்தான் அவகாசம், அதற்கப்புறம் அது அங்கேயே கிடக்கும், நாம் குழுவைவிட்டு வெளியேறினாலும் எண்ணோடு கிடக்கும். இதைவிட என்னைப் பதற வைப்பது நம் குழுக்களில் சுற்றும் பட்டியல்கள். உதவித்தொகை, உணவுக்கூடை, இலவசப் பரிசோதனை என்று எது வந்தாலும் 'பெயர், ஐசி, போன்' என்று ஒருவர் தொடங்குவார். அடுத்தவர் அதை நகலெடுத்துத் தன் வரியைச் சேர்த்து மறுபடி போடுவார், இருபதாவது ஆள் வரும்போது இருபது பேரின் ஐசி எண்ணும் இருபது தடவை குழுவில் இருக்கும். ஐசியின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பட்டியல் போடுகிறவர் நல்ல மனசோடுதான் போடுகிறார். ஐசியைத் தனியாக எனக்கு அனுப்புங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் சொல்வதில்லை.

முகநூல் குழுக்களில் பெயர் காட்டாமல் பதிவிடும் வசதி இருக்கிறது, குழுவில் அதைத் திறந்து வைத்திருந்தால். ஒரே ஒரு கேள்வி, கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்பவருக்கு இது நல்ல வழி. தனிக் கணக்கு வேண்டாம், தனி எண் வேண்டாம், நம் ஆட்கள் கூட்டமும் அங்கேதான் அதிகம். ஆனால் நம் பெயர் அட்மினுக்கும் மாடரேட்டருக்கும் தெரியும். இது ஊரைப் பொறுத்து பெரிய விஷயமாகவோ ஒன்றுமில்லாததாகவோ இருக்கலாம். கோலாலம்பூரில் பரவாயில்லை என்று நினைக்கிறேன். பினாங்கில் தமிழர் வட்டம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும், அட்மின் யாரென்று பார்த்தால் சித்தியோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவராக இருப்பார், தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலில் சந்திக்கும்போது "அப்பா எப்படி இருக்காரு" என்று அக்கறையாகத்தான் கேட்பார். அக்கறைதான். ஆனால் அப்பா யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்த விஷயம் அது.

ரெடிட், லோயாட் போன்ற இணைய விவாத மன்றங்களைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, படிப்பதோடு சரி. ரெடிட்டில் எண் கேட்பதில்லை, அது பெரிய ஆறுதல். கணக்கை அழித்தால் எழுதியவை தானாக அழியாது, பெயர் மட்டும் போகும், ஒவ்வொன்றையும் முன்கூட்டியே நாம்தான் அழிக்க வேண்டும். இந்த இடங்களில் தமிழில் கேட்க ஆள் குறைவு, எனக்கு அதுவே போதுமான காரணம்.

இனி டெலிகிராம். கணக்குத் தொடங்க எண் வேண்டும், ஆனால் அதை யாருக்கும் காட்டாமல் இருக்கலாம். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், கைப்பேசி எண்ணை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று வையுங்கள். அப்படி வைத்தபிறகுதான் அதற்குக் கீழே இன்னொரு கேள்வி முளைக்கும்: எண்ணை வைத்து என்னை யார் கண்டுபிடிக்கலாம்? நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. அது 'எல்லாரும்' என்றே இருந்தால், நம் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்திருக்கிற எவருக்கும் நம் டெலிகிராம் கணக்கு தெரிந்துவிடும், எனவே அதை 'தொடர்புகள் மட்டும்' என்று மாற்ற வேண்டும். தொடர்புகள் தானாக ஏறுவதையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அத்தை மகனுக்கு நம் புனைபெயர் போய்ச் சேரும். யாரையாவது தொடர்பில் சேர்க்கும்போது 'என் எண்ணைப் பகிர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கிறதா பார்த்து எடுத்துவிடுங்கள். முகப்புப் படம், குழுக்களில் என்னை யார் சேர்க்கலாம் என்பது, இரண்டையும் சுருக்கி வைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை முடிந்தது.

அழிப்பதிலும் டெலிகிராம்தான் முன்னால். குழுவில் நாம் எழுதியதை எத்தனை மாதம் கழித்தும் எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம். அதற்காக அது காற்றோடு போய்விட்டது என்று நம்பிவிட வேண்டாம். பொதுக்குழுவில் சேராமலேயே உள்ளே நடப்பதைப் படிக்க முடியும், கணினியில் டெலிகிராம் வைத்திருக்கும் உறுப்பினர் மொத்தப் பேச்சையும் இறக்கிக்கொள்ள முடியும், அட்மினுக்கு அழித்த செய்திகூட 48 மணி நேரம் செயல்பாட்டுப் பதிவில் தெரியும். என்னைப் பொறுத்தவரை அது பெரிய குறையில்லை, எழுதியது வெளியே போனாலும் எழுதியவன் போக மாட்டான் என்பதுதான் நான் தேடியது.

இதற்காகத் தனி சிம் வாங்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் வாங்கவில்லை. பிரீபெய்ட் என்றாலும் 2006 முதல் ஐசியில் பதிவு செய்தே ஆக வேண்டும், அதனால் கூடுதல் மறைவு ஒன்றும் கிடைப்பதில்லை. அப்புறம் அதற்குப் பணம் கட்டி ரீலோட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் எண் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போகும், அவர் டெலிகிராம் திறந்தால் உள்ளே நுழைவதற்கான குறியீடு அவருக்குத்தான் வரும். வாங்கித்தான் ஆவேன் என்பவர்கள் இரண்டு அடுக்குக் கடவுச்சொல்லை மறக்காமல் போட்டுவையுங்கள். வாங்காதவர்களும்தான்.

புனைபெயர் சட்டத்திடமிருந்து காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செல்லுபடியாகும் சட்டக் கோரிக்கை வந்தால் விதிமீறுபவர்களின் ஐபி முகவரியையும் எண்ணையும் கொடுப்போம் என்று 2024 செப்டம்பரில் டெலிகிராமே அறிவித்துவிட்டது. நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 114ஏ பிரிவு புனைபெயரையும் விட்டுவைக்கவில்லை: பதிவின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ யாருடைய பெயர், படம், புனைபெயர் காட்டப்படுகிறதோ, அவர் இல்லையென்று நிரூபிக்கும்வரை வெளியிட்டவர் அவரே என்று அனுமானிக்கும். நான் மறைவது விற்பனைக்காரரிடமிருந்தும் மோசடிக்காரரிடமிருந்தும் ஊர்வாயிலிருந்தும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது, அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது, குழுவில் பக்கத்து வீட்டுக்காரர் நம் எண்ணை இன்னொருவருக்குத் தட்டிவிடுவதை அது தடுக்காது.

எந்தச் செயலியாலும் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது, எழுதுகிற வரியில் நாமே நம்மைக் காட்டிக்கொடுப்பது. 'பிறை ஊரில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி' என்று எழுதினால் எண் எதற்கு? தெரிந்தவர் யாராவது படித்தால் அது நான்தான் என்று சொல்லிவிடுவார். 'பெருநிலத்தில் இருக்கிறேன், ஷிப்ட் வேலை' என்றாலே பதில் சொல்கிறவர்களுக்குப் போதும், நான் அப்படித்தான் எழுதுகிறேன், பதில்கள் குறையவில்லை. படம் போடும்போது கார் எண் பலகை, மருந்துச்சீட்டில் பெயர், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கொம்தார் கோபுரம், இதையெல்லாம் ஒருதடவை பார்த்துவிட வேண்டும். படத்தைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் எடுத்த இடத்தின் விவரத்தை நீக்கிவிடும், கோப்பாக அனுப்பினால் அது கூடவே போகும். மருத்துவ அறிக்கை தெளிவாகத் தெரியட்டும் என்று கோப்பாக அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

டெலிகிராமுக்கு மாறச் சோம்பலாக இருந்தால், வாட்ஸ்ஆப்பிலேயே இருந்துகொண்டு வங்கிச் செயலியில் கைப்பேசி எண்ணுக்கான டுயிட்நவ் பதிவை மட்டும் எடுத்துவிடலாம். கூட்டுப்பணம், கல்யாண மொய் அனுப்புகிறவர்களுக்கு இனி கியூஆர் காட்ட வேண்டியிருக்கும், கொஞ்சம் தொல்லைதான். எண்ணிலிருந்து பெயருக்குப் போகிற சுலபமான வழி அதோடு அடைபடும், ஆனால் அழைப்புகள் நிற்காது.

எங்கள் தாமான் (குடியிருப்பு) குழுவில் மட்டும் நான் இன்னும் வாட்ஸ்ஆப்பில்தான், சொந்தப் பெயரில்தான். தண்ணீர் எப்போது வரும், குப்பை லாரி ஏன் வரவில்லை, யார் வீட்டு நாய் வெளியே சுற்றுகிறது என்று பேசுகிற இடம் அது, அங்கே எல்லாருக்கும் என் வீட்டு எண்ணே தெரியும்.