என்லார்ஜரில் எல்.இ.டி பல்பு: மூன்று வருடத்துக்குப் பிறகு

"பழைய பல்பு ஃப்யூஸ் போச்சு, புதுசு எங்கேயும் கிடைக்கல. எல்.இ.டி போடலாமா?" என்று, நெகட்டிவின் உருவத்தைப் பெரிதாக்கிப் போட்டோ தாளில் விழவைக்கும் தன் என்லார்ஜரைப் பற்றி நண்பர் கேட்டு நாலு நாளாகிறது. போன மாதம் கேட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள் என்று உடனே சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்டதற்கு முந்தின ராத்திரிதான் ஒன்பது தாள் வீணாகியிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது பல்பின் ஒளியை லென்ஸால் குவித்து நெகட்டிவ் மேல் அனுப்பும் கண்டென்சர் என்லார்ஜர், நெகட்டிவைப் பிடிக்கும் சட்டமான கேரியரில் கண்ணாடி கிடையாது. 75 வாட் பால் நிறக் குண்டு பல்பு இருந்த காலத்தில், கொஞ்ச நேரம் எரிந்தாலே சூட்டில் நெகட்டிவ் நடுவில் உப்பிவிடும். ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கியான கிரெயின் ஃபோகசரில் கண் வைத்துப் பார்த்தால் கூர்மையாக இருந்த ஃபிலிம் மணிகள் கண்ணெதிரே கரைந்து போகும். பிரின்டில் காது கூர்மையாக இருக்கும், கண் மங்கலாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் நெகட்டிவைச் சூடேற்றி, அது உப்பி முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஃபோகஸ் செய்வேன். 9 வாட் எல்.இ.டி போட்ட நாளிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. ஒரு பகுதியைக் கருமையாக்க ஒரு நிமிடம் கூடுதல் ஒளி கொடுத்து பர்ன் செய்தாலும் வைத்த ஃபோகஸ் வைத்த இடத்தில் நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே அதைக் கொண்டாடலாம்.

நிறம் விஷயத்தில் பெரிய சிக்கல் இல்லை. மல்டிகிரேடு பேப்பர் நீலத்தையும் பச்சையையும் பார்த்துத்தான் கிரேடை, அதாவது படத்தின் கான்ட்ராஸ்ட்டை, தீர்மானிக்கிறது. கூல் ஒயிட்டில் நீலம் தூக்கலாக இருப்பதால் எக்ஸ்போஷர், அதாவது தாளுக்கு ஒளி கொடுக்கும் நேரம், நாலைந்து விநாடிக்குச் சுருங்கிவிட்டது. அதற்குள் ஒரு பகுதிக்கு ஒளியை மறைத்து டாட்ஜ் செய்யக் கை எங்கே போகும்? வார்ம் ஒயிட்டுக்கு மாறி, லென்ஸ் துளையை எஃப்/11-க்குச் சுருக்கியதும் சரியானது. 4-வது கிரேடு முதல் நேரத்தை இரட்டிப்பாக்கும் பழைய கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை, கிரேடை மாற்றும் ஃபில்டர் ஒவ்வொன்றுக்கும் நானே சோதித்து எழுதி வைத்துக்கொண்டேன்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். இரண்டரை வருடம் உழைத்த முதல் பல்பு செத்துப் போனது. அதே கம்பெனி, அதே வாட், அதே அட்டைப்பெட்டி பார்த்துத்தான் அடுத்ததை வாங்கினேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் வேறு போலிருக்கிறது. எழுதி வைத்த நேரமெல்லாம் பொய்யானது. அதையாவது மறுபடி சோதித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே நெகட்டிவ், ஒரே 12 விநாடி, ஒரே டெவலப்பர் கரைசல், இரண்டு பிரின்ட் இரண்டு மாதிரி வந்தது. ஒன்று சரி, அடுத்தது கருத்துப்போய். டெவலப்பரைச் சந்தேகப்பட்டேன், தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டேன், சிவப்பு விளக்கைக்கூட அணைத்துப் பார்த்தேன். ஒன்பது தாள் போன பிறகுதான் புரிந்தது. தாளைப் பிடிக்கும் பலகையான ஈசலில் அதிக நேரம் காத்திருந்த தாள்தான் கருக்கிறது.

நெகட்டிவை எடுத்துவிட்டு, லென்ஸை முழுக்கத் திறந்து, ஒளி பட்ட இடம்தான் கருக்கும் என்பதால் தாளின் மேல் நாலு நாணயம் வைத்தேன். பல்பை எரியவிட்டு அணைக்கும் டைமரைத் தொடவே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து டெவலப்பரில் போட்டால் நாலு வெள்ளை வட்டம், சுற்றிலும் சாம்பல். சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்து, கீழிருந்து லென்ஸுக்குள் பார்த்தேன். அணைந்திருக்க வேண்டிய பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

பல டைமர்களுக்குள், பல்பை இயக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகளில் பொறி பறக்காமல் இருக்க ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாகத் துளி மின்சாரம் எப்போதும் கசியும். குண்டு பல்பை அது ஒன்றும் செய்யாது. சில எல்.இ.டி-க்கோ அந்தத் துளியே போதும். ஒரு 15 வாட் குண்டு பல்பை இணையாக இணைத்து, வெளிச்சம் தெரியாதபடி அறைக்கு வெளியே வைத்தேன். கசிவு அதன் வழியாகப் போய்விட்டது, மங்கல் ஒளி நின்றது. வயரிங் தெரியாதவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் வால் இன்னும் இருக்கிறது. டைமர் 'டக்' என்று அணைத்த பிறகும் பல்பு ஒரு கணம் இழுத்துக்கொண்டுதான் அணைகிறது. சரியான நேரம் கண்டுபிடிக்க ஒரே துண்டுத் தாளில் இரண்டு விநாடி வீதம் ஐந்து தடவை ஒளி கொடுத்த டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் ஐந்து வால். ஒரே மூச்சில் கொடுக்கும் 10 விநாடியில் ஒரு வால்தான். ஸ்ட்ரிப்பை நம்பிப் போட்ட பிரின்ட் வெளுத்து வருகிறது. அதனால் இப்போது ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனித் துண்டு பேப்பர் வைத்துச் சோதிக்கிறேன். பேப்பரும் நேரமும் இரண்டு மடங்கு.

நியாயமாகப் பார்த்தால் குறையில் பாதி டைமருடையது. வேறு டைமரோடு, வேறு பல்போடு இதெல்லாம் வராமலே போகலாம், என் முதல் பல்பே அதற்குச் சாட்சி. ஆனாலும் இருட்டறையில் ஒரு விளக்கிடம் நான் கேட்பது, அணை என்றால் அணைய வேண்டும் என்பதுதான். குண்டு பல்பு சுட்டது, நெகட்டிவை வளைத்தது, ஆனால் இப்படி நான் பார்க்காத நேரத்தில் தாளைத் தொட்டதில்லை.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். நேற்று அவருக்குப் பழைய சரக்கில் இரண்டு பால் நிற பல்பு கிடைத்திருக்கிறது. ஒன்றை எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.