பக்கத்து வளவுப் பலாவும் கத்தி படாத வேலியும்

மூன்று கிழமை லீவில் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போன எனக்கு, முதல் கிழமை முழுக்கப் பக்கத்து வளவோடேயே போய்விட்டது. பின்பக்கம் வேலியையே காணவில்லை. கிளுவையும் பூவரசும் கூரைக்கு மேலால் வளர்ந்து எங்கள் பக்கம் சரிந்து கிணற்றடிப் பாதையை மூடியிருந்தன. அதற்கும் மேலே அவர்களுடைய பலா, அதில் ஒரு பெரிய கொப்பு எங்கள் குசினி ஓட்டில் படுத்துக் கிடந்தது. கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் கையை விட்டால் உக்கின இலை, தண்ணீர், நெளிகிற நுளம்புக் குடம்பி. சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நோட்டீஸ் எனக்குத்தான்.

வளவுக்காரர் பாரிஸில். குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறவன்.

அப்பாவின் காலத்தில் வேலி வெட்ட யாரும் காசு கொடுத்ததில்லை. தோட்டக்காரர் தாங்களே பசளைக்குக் குழை கேட்டு வந்து நிற்பார்கள், வெட்டிக் கட்டி வண்டிலில் ஏற்றிப் போய்ச் செம்மண்ணில் தாழ்ப்பார்கள், காசும் எங்கள் கைக்கு வரும். உரப்பை வந்த பிறகு குழையைச் சீண்ட ஆளில்லை. வெட்டினதை ஏற்றிப் போகிற லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

முன்வீட்டு மாமியிடம் நம்பர் வாங்கிப் பாரிஸுக்கு எடுத்தேன். “தம்பி, அடியோட தறிச்சு விடுங்கோ, எனக்கொரு பிரச்சினையும் இல்லை” என்றார். அவருக்கு இல்லைதான். ஆனால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்பென்றால் அனுமதி வேண்டும், இங்கே தடிப்பை விட்டுவிட்டுச் சாதி பார்க்கிறார்கள். ஊர்க் கிராம அலுவலரான விதானையார் கதிரை போட்டு ஆறுதலாக விளக்கினார்: சொந்தக்காரர் விண்ணப்பிக்க வேண்டும், பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும், ஆள் வந்து மரத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு விமானம் 23ஆம் திகதி. சரி, மரம் நிற்கட்டும், ஓட்டில் கிடக்கிற கொப்பை மட்டும் எடுப்போம் என்று அவரிடமே சொல்லி, பாரிஸ்காரரின் சம்மதத்தையும் வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு 40,000 ரூபா கேட்டார். அப்புறம் மாமியை முன்னுக்கு விட்டேன். அவர் பிடித்துத் தந்த இரண்டு பேர் வேலிக்கும் கொப்புக்கும் சேர்த்து 14,000க்கு வந்தார்கள், வாளும் அவர்களுடையது. ஏற்ற இன்னொரு 5,000. கொப்புக்குக் கீழால் எங்கள் மின்சார வயர் போவதால் அதைக் கழற்றும்வரை ஏறமாட்டேன் என்று பெரியவர் ஒற்றைக்காலில் நின்றார், அரை நாள் போனது, எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் மனுஷன் ஏறின பிறகு பார்க்க வேண்டும். கொப்பின் நுனியில் ஒரு கயிறு, நடுவில் ஒரு கயிறு, இரண்டையும் மேலே கிளை பிரிகிற கவரில் போட்டுக் கீழே நின்றவர் இழுத்துப் பிடிக்க, துண்டு துண்டாக வாளால் அறுத்து இறக்கினார்கள். ஒரு ஓடுகூட அசையவில்லை.

இறங்கின கொப்பில் நாலு பலாப்பிஞ்சு. படம் எடுத்துப் பாரிஸுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை, பிறகு “மாமியிட்ட குடுங்கோ” என்று வந்தது. பின்னேரமே மாமி கறி வைத்து ஒரு கிண்ணம் வேலிக்கு மேலால் நீட்டினார். இப்போது வேலி அந்த உயரத்தில்தான் நிற்கிறது.